ஒரு விசைக்கு ஒரு செயல்: மேக்ரோ, மல்டிபாக்ஸிங், பாட் தடை பற்றி ஓர் எளிய விளக்கம்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கேமிங் மவுஸ் வாங்கப் போனால் கடைக்காரர் பெட்டியைத் திறந்து, கட்டைவிரல் பக்கம் இருக்கும் இரண்டு கூடுதல் பட்டன்களைக் காட்டி, "மேக்ரோ இருக்கு சார், எது வேணும்னாலும் செட் பண்ணிக்கலாம்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் எந்த கேமில் செட் பண்ணலாம், எதில் செட் பண்ணினால் ஐடி போய்விடும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்காது. அதைச் சொல்வது கடைக்காரரின் வேலையும் இல்லை.

நான் வேலை பார்ப்பது மென்பொருள் சோதனைப் பிரிவில். மனிதர் செய்ய வேண்டிய கிளிக்குகளை ஸ்கிரிப்ட் எழுதிச் செய்ய வைப்பதுதான் எங்கள் அன்றாடப் பிழைப்பு. அதனால் அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் கேமிங் கஃபேக்களில் பார்க்கும் தம்பிகள் என்னிடம் வந்து, "அண்ணா, ஆட்டோ கிளிக்கர் போட்டா பேன் பண்ணுவாங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாத கேள்வி இது. மேக்ரோ, மல்டிபாக்ஸிங், பாட் என்ற மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அவற்றைப் பிரித்துப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். விசையை அழுத்தியது மனிதரா? அந்த ஓர் அழுத்தத்துக்கு கேமுக்குள் எத்தனை செயல் நடந்தது? பெரும்பாலான கேம் நிறுவனங்களின் விதிகள் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

முதலில் மேக்ரோ. பதிவுசெய்து வைத்த விசை வரிசைக்குத்தான் அந்தப் பெயர். மவுஸோடு வரும் மென்பொருளைத் திறந்து, ரெக்கார்ட் கொடுத்துவிட்டு 1, 2, 3 என்று மூன்று விசைகளைத் தட்டிப் பாருங்கள். ஒன்று கீழே போனது, 62 மில்லிவினாடி, ஒன்று மேலே வந்தது, 140 மில்லிவினாடி, இரண்டு கீழே போனது என்று ஒவ்வொரு அசைவும் வரிவரியாகத் திரையில் விழும். அப்புறம் அந்தப் பக்கவாட்டு பட்டனை ஒருமுறை அழுத்தினால் மொத்த வரிசையும் தானே ஓடும். அதே திரையில், லூப் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால், நிறுத்தச் சொல்லும்வரை வரிசை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வரலாம். மேக்ரோ, ஆள் இல்லாமல் தானே ஆடும் பாட்டாக மாறும் இடம் அந்த டிக்தான்.

ஒரு பட்டனின் வேலையை இன்னொரு பட்டனுக்கு மாற்றுவது வேறு சங்கதி. ஆர் விசைக்குப் பதிலாக மவுஸின் பக்க பட்டனில் ரீலோட் வைத்துக்கொண்டால், ஓர் அழுத்தத்துக்கு ஒரு செயல்தான் நடக்கிறது. இதைத் தடுக்கும் கேம் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. அந்த மூன்று விசை வரிசையை ஒரே அழுத்தத்தில் ஓட்டும்போதுதான் விதிப்புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

சில கேம்கள் மேக்ரோ வசதியை உள்ளேயே கொடுத்துவிடுகின்றன. பிளிஸார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் கொண்டுவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதற்கு நல்ல உதாரணம். 255 எழுத்துகளுக்குள் ஒரு சின்னக் கட்டளை எழுதி ஒரு பட்டனில் வைத்துக்கொள்ளலாம். மூன்று மந்திரங்களை வரிசையாக எழுதி வைத்தால், ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அடுத்த மந்திரம் வரும். மூன்றும் ஒரே அழுத்தத்தில் வராது. மந்திரங்களுக்கு நடுவே சுமார் 1.5 வினாடி பொதுக் காத்திருப்பு ஒன்று உண்டு, அதை மேக்ரோவால் தாண்ட முடியாது. எழுதும் வேலையைக் குறைக்கிறார்கள், அழுத்தும் வேலையைக் குறைப்பதில்லை. யோசித்து வைத்த ஏற்பாடு இது.

ஆரம்பத்தில் அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. விளையாட்டாளர்களே எழுதிய ஆட்-ஆன், அதாவது கேமோடு சேர்ந்து ஓடும் துணை நிரல் ஒன்று, குழுவில் யாருக்குச் சாபம் பட்டிருக்கிறது என்று தானே தேடிக் கண்டுபிடித்து, அவரைக் குறிவைத்து, சாபத்தை நீக்கும் மந்திரத்தையும் போட்டுவிடும். நாம் ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும். 2006 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் பிளிஸார்ட் அந்தக் கதவை மூடியது. ஆட்-ஆன் உங்களுக்குத் தகவல் காட்டலாம், யார்மேல் என்ன போடுவது என்ற முடிவை எடுக்கக் கூடாது என்று ஆனது. மேக்ரோ பற்றி எந்த கேமில் சந்தேகம் வந்தாலும் இந்த வரலாறு கைகொடுக்கும். முடிவெடுப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. கவுண்டர்-ஸ்டிரைக்கில் 2024இல் நடந்ததைப் பாருங்கள். அந்த கேமில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். நின்று சுட வேண்டும். இடப்பக்கம் போக ஏ, வலப்பக்கம் போக டி. இடப்பக்கம் ஓடுகிறவர் சட்டென்று நிற்க ஏ விசையை விட்டுவிட்டு, ஒரு கணம் டி விசையைத் தட்ட வேண்டும். ஏ விடுவதற்கு முன்பே டி அழுத்திவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும், நீங்கள் நினைத்தது நடக்காது. இந்தக் கைப்பழக்கம் வருவதற்குப் பல மாதங்கள் ஆகும். அந்த ஆண்டு ரேசர் நிறுவனம் தன் விசைப்பலகையில் ஸ்னாப் டாப் என்ற வசதியைக் கொண்டுவந்தது. ஏ அழுத்தியபடியே இருந்து டி தட்டினால், கடைசியாக அழுத்திய விசையை மட்டுமே விசைப்பலகை கேமுக்கு அனுப்பும். விரலின் பிசகு கேமுக்குத் தெரியவே தெரியாது. அதே 2024 ஆகஸ்டில், அந்த கேமை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் அதிகாரபூர்வ சர்வர்களில் இதைத் தடை செய்தது. பயன்படுத்துகிறார் என்று தெரிந்தால் அந்த ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளிவிடும்.

கவனியுங்கள், இங்கே அழுத்துவது மனிதர்தான், முடிவெடுப்பதும் மனிதர்தான். ஆனாலும் தடை வந்தது. பயிற்சியால் வர வேண்டிய திறமையை ஒரு கருவி காசுக்குக் கொடுத்துவிடுகிறது என்பதுதான் காரணம். வால்வ் செய்தது சரி என்பது என் கருத்து. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விசைப்பலகைக்குச் செலவழிக்க முடிந்தவருக்கு ஒரு விரல், முடியாதவருக்கு ஒரு விரல் என்று ஆட்டம் பிரியக் கூடாது. இப்போது குறைந்த விலை விசைப்பலகைகளிலும் இதே வசதி வேறுவேறு பெயர்களில் வருகிறது. கவுண்டர்-ஸ்டிரைக் ஆடுகிறவர்கள் வாங்கியதும் முதல் வேலையாக அதை அணைத்து வையுங்கள்.

சரி, மல்டிபாக்ஸிங்குக்கு வருவோம்.

ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல கணக்குகளில் நுழைந்து, பல கதாபாத்திரங்களை ஒன்றாக ஓட்டுவதுதான் மல்டிபாக்ஸிங். ஐந்து பேர் சேர்ந்து போக வேண்டிய குகைக்கு ஒருவரே ஐந்து கதாபாத்திரங்களோடு போவார். ஒன்று முன்னால் நடக்கும், மற்ற நான்குக்கும் பின்தொடரச் சொல்லிக் கட்டளை கொடுத்திருப்பார். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஐந்து கணக்குக்கும் மாதச் சந்தா தனித்தனியாகக் கட்டுகிறார். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஒரு கணக்குக்கு மாதம் சுமார் 15 டாலர், ஐந்துக்கு 75 டாலர். இதைப் பல வருடங்கள் நிறுவனமே அனுமதித்தது.

சிக்கல் வந்தது இன்புட் பிராட்காஸ்டிங் என்ற மென்பொருளால். ஒவ்வொரு கணக்கும் திரையில் ஒரு தனி ஜன்னலில் ஓடும். ஒரு ஜன்னலில் நீங்கள் ஒரு விசையை அழுத்தினால், அதை மற்ற நான்கு ஜன்னல்களுக்கும் அதே கணத்தில் நகலெடுத்து அனுப்பும். ஐஸ்பாக்ஸர் என்பது இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். எதிரில் நிற்பவரின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஐந்து தனித்தனி மனிதர்கள் தாக்கினால், ஒருவர் கொஞ்சம் முந்துவார், ஒருவர் தவறவிடுவார், ஒருவர் வேறு ஆளைக் குறிவைப்பார். அந்த இடைவெளியில்தான் தப்பிக்க வழி இருக்கும். பிராட்காஸ்டிங்கில் ஐந்து மின்னலும் ஒரே நொடியில் ஒரே ஆள்மேல் இறங்கும். சண்டையை விடுங்கள், மூலிகை பறிக்கும் இடத்திலும் இதே கதை. ஒரு செடியை ஒரு கூட்டமே ஒரே அழுத்தத்தில் பறித்துக்கொண்டு போய்விடும்.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் தன் ஈவ் ஆன்லைன் கேமில் 2015 ஜனவரி 1 முதல் பிராட்காஸ்டிங்கைத் தடை செய்தது. பல கணக்குகள் வைத்திருப்பதை அது தடுக்கவில்லை. பிளிஸார்ட் இதே முடிவுக்கு 2020 நவம்பரில் வந்தது. அவர்கள் சொன்ன காரணம் முக்கியம்: இந்த மென்பொருள் பாட்களுக்கும் தானியங்கி ஆட்டத்துக்கும் துணைபோகிறது, கேமைக் கெடுக்கிறது. அங்கேயும் மல்டிபாக்ஸிங் தடைசெய்யப்படவில்லை. ஐந்து ஜன்னல்களையும் நீங்களே ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றிலும் உங்கள் விரலாலேயே அழுத்தினால் இன்றும் பிரச்சினை இல்லை. அப்படிக் கையாலேயே ஐந்து பேரை ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஜன்னலில் குணப்படுத்திவிட்டு, அடுத்ததுக்குத் தாவி அடித்துவிட்டு, மூன்றாவதில் நகர்ந்துவிட்டுத் திரும்ப முதலுக்கு வருவார்கள். அது உண்மையான கைத்திறமை, அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

ஆனால் ஒரு கேமில் செல்லும் விதி இன்னொன்றில் செல்லாது. இரண்டாவது கணக்கே கூடாது என்று சொல்லும் கேம்களும் இருக்கின்றன. மல்டிபாக்ஸிங் பொதுவாக ஓகேதானே என்று நண்பர் சொன்னதை நம்பி இறங்க வேண்டாம்.

மூன்றாவது, பாட். இதில் விரல் எதுவும் இல்லை. நிரல் தானே பார்க்கும், தானே முடிவெடுக்கும், தானே ஆடும். அதிலேயே பல தரம் உண்டு. திரையில் ஒரு குறிப்பிட்ட நிறம் தெரிந்தால் அங்கே கிளிக் செய் என்ற அளவில் இருப்பது மிக எளிய பாட். கேமின் நினைவகத்தைப் படித்து, எதிரி எங்கே நிற்கிறான், உங்கள் உயிர் எவ்வளவு மிச்சம் என்று நேரடியாகத் தெரிந்துகொள்வது அடுத்த வகை. இன்னும் ஒரு படி மேலே போய், கேமையே திறக்காமல் சர்வரோடு நேராகப் பேசும் பாட்களும் உண்டு. ராக்னராக் ஆன்லைன் என்ற கேமுக்கு எழுதப்பட்ட ஓப்பன்கோர் அப்படிப்பட்டது. படம் கிடையாது, பாட்டு கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே உங்கள் வீரன் அரக்கர்களைக் கொன்றுகொண்டிருப்பான்.

நான் காசு கொடுத்து வாங்கிய கேம், நான் தூங்கும்போது பாட் ஆடினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. பெங்களூருவில் இருக்கும் தமிழர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தீபாவளிக்கு ஊருக்குப் போக, காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கல் திறக்கும் கணத்தில் அலுவலகத்தில் எல்லா வேலையையும் ஓரம் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். பெயர் தட்டி, வயது தட்டி, கேப்ட்சா போட்டு முடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும். தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் நடக்கும் லாகின் முயற்சிகளில் பாதி வரை பாட்களுடையது என்று ரயில்வேயே 2025இல் சொன்னது. இரண்டரைக் கோடி ஐடிகளை முடக்கியதாகவும் அறிவித்தது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்தவர்கள்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும் என்று ஆனது. சாஃப்ட்வேர் வைத்து டிக்கெட் எடுத்தவர் உங்கள் சட்டைப்பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. ஆனாலும் உங்கள் இருக்கை போனது. பாட் ஓடும் கேமில் மூலிகைக்கும், தாதுவுக்கும், கேம் தங்கத்துக்கும் நடப்பது இதுதான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுரங்கம் தோண்டிய பையனின் சரக்குக்கு, 24 மணி நேரமும் தோண்டும் ஆயிரம் பாட்கள் சந்தை விலையைச் சரித்துவிடுகின்றன.

பாட்கள் ஒரு கேமை எவ்வளவு தூரம் உலுக்க முடியும் என்பதற்கு ரூன்ஸ்கேப்பைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜாகெக்ஸ் நிறுவனம் 2001இல் வெளியிட்ட கேம் அது. பிரவுசரிலேயே ஆடலாம் என்பதால் கோடிக்கணக்கில் ஆள் சேர்ந்தது, கூடவே பாட்களும் சேர்ந்தன. பாட்கள் சேர்த்த தங்கத்தை நிஜப் பணத்துக்கு விற்றார்கள். விற்ற தங்கம் வாங்கியவரிடம் கேமுக்குள் கைமாற வேண்டும் இல்லையா? அந்த வழியை அடைக்க, 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் ஜாகெக்ஸ் மிகக் கடுமையான வேலை ஒன்றைச் செய்தது. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கிப் பொருளைப் பறிக்கக்கூடிய காட்டுப் பகுதியின் விதியை மாற்றியது. சமமான மதிப்பு இல்லாத பரிமாற்றங்களைத் தடுத்தது. அதாவது, புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு அண்ணன் ஒரு நல்ல வாளைச் சும்மா கொடுக்கக்கூட முடியாமல் போனது. பாட்களுக்காகப் போட்ட பூட்டு மனிதர்களின் கையில் விழுந்தது. பலர் மனம் வெறுத்து விலகினார்கள்.

பிறகு ஜாகெக்ஸ் வாக்கெடுப்பு நடத்தியது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பழைய முறையே வேண்டும் என்றார்கள். 2011 பிப்ரவரியில் தடைகள் நீங்கின, எதிர்பார்த்தபடியே பாட்களும் வெள்ளமாகத் திரும்பின. அந்த ஆண்டு அக்டோபர் 25 அன்று ஜாகெக்ஸ் ஒரே வீச்சில் 15 லட்சம் கணக்குகளைத் தடை செய்ததாக அறிவித்தது. அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேமே காலியாகத் தெரிந்திருக்கும். மரம் வெட்டும் இடங்களில் எப்போதும் நிற்கும் கூட்டம் அப்படியே மறைந்துபோனது.

இவ்வளவு பாட்கள் ஏன் ஓடுகின்றன என்றால், விடை நிஜப் பணம்தான். கேம் தங்கம், கேம் பொருள்கள், ஆட்டத்தை வளர்த்துக் கொடுக்கும் சேவை எல்லாம் சேர்ந்த சந்தை 2009இல் சுமார் 300 கோடி டாலர் என்று உலக வங்கியின் இன்ஃபோடெவ் 2011இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. நிறுவனங்கள் இதற்கு எதிராக வேறு வழியும் தேடின. ரூன்ஸ்கேப் 2013இல் பாண்ட், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2015இல் டோக்கன் என்று, காசு கொடுத்துத் தங்கம் வாங்க விரும்புகிறவர்களுக்கு நிறுவனத்தின் வழியாகவே சட்டபூர்வமான பாதை திறந்தன. கள்ளச் சந்தையின் கூட்டம் ஓரளவு இந்தப் பக்கம் வரும் என்பது கணக்கு.

வழக்குகளும் நடந்தன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஓடும் கிளைடர் என்ற பாட்டை எம்டிஒய் என்ற நிறுவனம் 2005 முதல் விற்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் விற்றன. பிளிஸார்ட் வழக்குப் போட்டு, 2008இல் 60 லட்சம் டாலருக்குத் தீர்ப்புப் பெற்றது. கிளைடர் 2009இல் மூடப்பட்டது. 2010 டிசம்பரில் மேல்முறையீட்டில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் கொஞ்சம் நுணுக்கமாகப் பிரித்துச் சொன்னது. பாட் ஓட்டி கேமின் விதியை மீறுவது மட்டும் பதிப்புரிமை மீறல் ஆகாது. ஆனால், பிளிஸார்டின் வார்டன் என்ற காவல் நிரலைத் தாண்டிப் போகும் கருவியை விற்றது தவறு.

சரி, எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

முதல் வழி உங்கள் கணினியிலேயே தேடுவது. வார்டன் போன்ற நிரல் கேமோடு சேர்ந்து ஓடி, தெரிந்த பாட்களின் அடையாளங்கள் நினைவகத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும். 2020இல் வேலரண்ட் என்ற கேமோடு வந்த வான்கார்ட் என்ற காவல் நிரல் இன்னும் ஆழமாகப் போய், கணினி தொடங்கும்போதே விழித்துக்கொள்கிறது. இது ரொம்ப அதிகம் என்று நினைப்பவர்கள் பலர், அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது வழி சர்வர் பக்கத்திலிருந்து உங்கள் நடத்தையைப் பார்ப்பது. எங்கள் துறைக்கு மிகவும் பழக்கமான விஷயம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரே விசையைத் தொடர்ந்து தட்டுங்கள். மனிதரின் இடைவெளிகள் 171, 158, 203, 164, 189 மில்லிவினாடி என்ற மாதிரி இருக்கும். எளிய மேக்ரோவில் 150, 150, 150, 150. இதைக் கண்டுபிடிக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. "அதான் ரேண்டம் வெச்சிருக்கேனே அண்ணா" என்பான் ஒரு தம்பி. 140க்கும் 200க்கும் நடுவே எந்த எண் வேண்டுமானாலும் வரட்டும் என்று நிரலில் எழுதிவிட்டால் மனிதர் மாதிரி ஆகிவிடுமா? ஆகாது. ஆயிரம் அழுத்தங்களைச் சேர்த்து ஒரு வரைபடம் போட்டால், இயந்திரத்தின் ரேண்டம் 140இலிருந்து 200 வரை மட்டமாக, விளிம்பில் கத்தியால் வெட்டியது போல நிற்கும். மனிதரின் வரைபடம் ஓரிடத்தில் குவிந்து, வலப்பக்கம் நீளமாக வால் விட்டிருக்கும். நடுவில் போன் வந்திருக்கும், அம்மா கூப்பிட்டிருப்பார், கை வலித்திருக்கும். இரண்டாவது மணி நேரத்தில் வேகம் குறையும். தவறான விசையைத் தட்டித் திருத்தியிருப்பார். இந்தத் தடுமாற்றங்களைப் பொய்யாக உருவாக்குவது நினைப்பதைவிட மிகக் கடினம்.

நேரம் மட்டும் இல்லை. ஒரே பாதையில், ஒரே புள்ளியில் திரும்பி, 20 மணி நேரம் நடக்கும் கதாபாத்திரம், யார் பேசினாலும் பதில் சொல்லாது. அது சேர்த்த தங்கம் எங்கே போகிறது என்று பார்த்தால், இன்னும் நாற்பது கணக்குகளும் அதே ஆளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தக் கூட்டமும் வெளியே வரும்.

மூன்றாவது வழி பொறி வைப்பது. தன் டோட்டா 2 கேமில் வால்வ், சாதாரணமாக ஆடும் யாரும் ஒருபோதும் படிக்காத ஒரு தரவுப் பகுதியை கேமுக்குள் சேர்த்து வைத்தது. ஏமாற்று நிரல்கள் மட்டுமே அந்த இடத்தைப் படிக்கும். படித்த கணக்குகளைக் குறித்து வைத்துக்கொண்டு, 2023 பிப்ரவரியில் 40,000க்கும் மேற்பட்ட கணக்குகளைத் தடை செய்தது. இதில் தவறுதலாக யாரும் மாட்ட வழி மிகக் குறைவு. நான் பார்த்ததில் நேர்த்தியான ஏற்பாடு இதுதான்.

"நான் மூணு மாசமா யூஸ் பண்றேன், ஒண்ணும் ஆகலையே" என்பது அடிக்கடி காதில் விழும் பேச்சு. கண்டுபிடித்த உடனே தடை செய்வதில்லை என்பது பலருக்குத் தெரியாது. இன்று ஒருவரைத் தடை செய்தால், நேற்று பாட்டில் சேர்த்த எந்த மாற்றத்தால் மாட்டினோம் என்று பாட் எழுதியவருக்குத் தெரிந்துவிடும், நாளைக்கே மாற்றிவிடுவார். அதனால் சத்தமில்லாமல் சேர்த்து வைத்து, ஒரே நாளில் எல்லோரையும் தடை செய்வார்கள். அலையலையாக வரும் தடை என்று இதைச் சொல்வார்கள். 2015 மே மாதத்தில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் ஆறு மாதத்துக்கு முடக்கப்பட்டன. பெரும்பாலானவை ஹானர்பட்டி என்ற பாட்டைப் பயன்படுத்தியவை. மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை என்றால், மூன்று மாதமாகப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்றுகூட அர்த்தம் இருக்கலாம்.

தடை எப்போதும் சரியாகவே விழும் என்றும் சொல்ல மாட்டேன். 2010இல் மாடர்ன் வார்ஃபேர் 2 கேம் ஆடிய சுமார் 12,000 பேரை வால்வின் ஏமாற்றுத் தடுப்பு அமைப்பு தவறாகத் தடை செய்தது. வால்வ் அதை ஒப்புக்கொண்டு, தடையை நீக்கி, ஈடாக லெஃப்ட் 4 டெட் 2 கேமை இலவசமாகக் கொடுத்தது. எல்லா நிறுவனங்களும் இப்படி நடந்துகொள்வதில்லை. எந்திரம் தடை செய்து, எந்திரமே மேல்முறையீட்டுக்கும் பதில் அனுப்பும் நிலை பல இடங்களில் இருக்கிறது. ஒருவர் ஆறு வருடம் வளர்த்த கணக்கை மூடும்போது, ஒரு மனிதர் ஒருமுறையாவது அந்தக் கோப்பைப் படித்திருக்க வேண்டும். இந்தக் கோரிக்கையை விளையாட்டாளர்கள் விடக் கூடாது.

கை, விரல் இயக்கத்தில் சிரமம் உள்ளவர்களின் விஷயம் எனக்கு இன்னும் முக்கியம். ஒரே கையால் ஆடுகிறவருக்கு, இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தும் மேக்ரோ சலுகை இல்லை, நுழைவாயில். மைக்ரோசாஃப்ட் 2018இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் கொண்டுவந்தது இவர்களுக்காகத்தான். ஆனால் பல கேம்களின் விதிகளில் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீங்கள் அப்படி ஆடுகிறவர் என்றால், ஆரம்பிக்கும் முன்பே நிறுவனத்தின் உதவி மையத்துக்கு எழுதி, இன்ன கருவியை இன்ன காரணத்துக்காகப் பயன்படுத்துகிறேன், அனுமதி உண்டா என்று கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சூழலுக்கு இன்னும் சில. பி.ஜி.யில் தங்கி, ஒரே வைஃபையில் நான்கைந்து பேர் ஒரே கேம் ஆடுவது மட்டுமே தடைக்குக் காரணமாவது அரிது. இந்தியாவில் பல வீடுகள் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் இருப்பது சர்வர்களுக்குப் பழகிய விஷயம். கஃபே கணினிகளில்தான் அதிகக் கவனம் வேண்டும். சில கேம்கள் ஐடியோடு சேர்த்து அந்தக் கணினியின் வன்பொருள் அடையாளத்தையும் தடை செய்யும். உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் ஏதாவது ஓட்டியிருந்தால், நுழையும்போதே பிழைச் செய்தி வரும். அப்போது வேறு ஐடி போட்டு முயற்சிக்காமல், கஃபே அண்ணாவிடம் சொல்லி வேறு கணினிக்கு மாறிவிடுங்கள்.

மொபைலில் ஆடுகிறவர்கள் ஆட்டோ கிளிக்கர் ஆப் போடும் முன் அது கேட்கும் அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் அது வேலை செய்ய ஆக்சஸிபிலிட்டி அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைத்த ஆப் உங்கள் திரையில் இருப்பதைப் படிக்கலாம், உங்களுக்குப் பதில் தட்டலாம். வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் மால்வேர்கள் கேட்பதும் இதே அனுமதியைத்தான். யுபிஐ இருக்கும் போனில் ஊர் பேர் தெரியாத ஆப்புக்கு இதைக் கொடுக்காதீர்கள். ஐடி போவதைவிடப் பெரிய நஷ்டம் வரும். இலவச பாட் என்று கணினியில் இறக்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான், அவற்றில் பல உங்கள் பாஸ்வேர்டுகளைத் திருடவே எழுதப்பட்டவை.

தவறே செய்யாமல் ஐடி போய்விட்டால், கோபத்தில் நாலு முறை முறையீடு அனுப்பாதீர்கள். ஒரே ஒரு முறை, தெளிவாக எழுதுங்கள். கடைசியாக எப்போது, எங்கிருந்து ஆடினீர்கள், வீட்டுக் கணினியா கஃபேயா, மவுஸ், விசைப்பலகை மென்பொருள் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன, ஐடியை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். முதலில் வாங்கியபோது வந்த ரசீது மின்னஞ்சலையும், கணக்கு தொடங்கிய தேதியையும் சேர்த்து அனுப்புங்கள். மவுஸ் மென்பொருளில் பழைய மேக்ரோ ஏதாவது பதிந்து கிடந்தால், அதன் ஸ்கிரீன்ஷாட்டையும் நீங்களே இணைத்துவிடுங்கள்.